அக்கா கொண்டுவந்த மதியச் சாப்பாடு

இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, முருகன் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து, இரண்டு வரி எழுதி, கிழித்து அடுப்பில் போட்ட நாட்கள் எத்தனையோ. எட்டாவதோடு படிப்பு நின்றவள், எனக்கு எழுத வராது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறவளுக்கு இது மட்டும் எப்படி வராமல் போகும்? எழுத்து வந்தது, தைரியம்தான் வரவில்லை. இப்போது வயதாகிவிட்டது. இதைச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தால் அந்த முருகன் முகத்தைப் பார்க்க முடியாது என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகிறவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயரை எழுதவில்லை. அந்தப் பெயருக்கு நான் செய்தது போதும்.

தொண்ணூறுகளில் நாங்கள் கணபதி என்கிற பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய், பின்பக்கம் வீட்டு ஓனரின் மாட்டுக் கொட்டகை. என் வீட்டுக்காரருக்குப் பம்பு செட் செய்கிற கம்பெனியில் ஃபிட்டர் வேலை. அக்கா கடைசி வீட்டில் தனியாக இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, ஆனால் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசியபடி நிற்பார், மூச்சு வாங்காது. கண்ணாடியை ஒரு கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எதைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடியை எடுத்து மாட்டுவார், பிறகுதான் வாயைத் திறப்பார்.

அவருக்கு ஒரு குணம். எது தப்பாகப் போனாலும், தான் எங்கே தப்புச் செய்தோம் என்றுதான் முதலில் தேடுவார். காயப் போட்ட புடவையைக் கொடியிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் எல்லோரும் எடுத்தவளைத் திட்டினோம். அக்கா மட்டும், "நாந்தானுங்க பொழுதோட எடுக்காம உட்டுப்போட்டேன்" என்றார். கத்தரிக்காயில் புழு இருந்தால், "கண்ணாடி போடாம வாங்கிப்போட்டேன்." தயிர் புளித்தால், "மூட மறந்துபோட்டேன்." என் வீட்டுக்காரருக்கு இது நல்ல வேடிக்கை.

"அக்கா, நேத்து மழை பேஞ்சுதே, அதுல நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க?"

"மழை பேஞ்சது தப்பில்லீங் தம்பி. விறகை நனைய உட்டது என்னோட தப்பு."

கிண்டலுக்குக்கூட நேரான பதில்தான். சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தால் நம்முடைய தப்பெல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

அவர் சின்ன வயதிலேயே கன்னியாஸ்திரிகளோடு இத்தாலிக்குப் போனவர். கடற்கரை ஓரமாக ஒரு ஊரில், வயதானவர்களை வைத்துப் பார்க்கும் இல்லத்தின் அடுப்படியில் பதினான்கு வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தார். இங்கே ஒரு ஆஸ்பத்திரி சமையலறையில் இருந்தார். அங்கே பழகிய சாப்பாட்டை இங்கே விடவில்லை. அவர் தட்டைப் பார்த்தால் பாதித் தட்டு காயும் கீரையும். மீதியில் சோறு கொஞ்சம், தட்டைப்பயறோ கொள்ளோ கொஞ்சம். சாயங்காலம் ஒரு கை நிலக்கடலை. பலகாரம் தின்னும் நேரத்தில் கொய்யாப்பழம். செவ்வாய், சனி உக்கடத்துக்கு பஸ் ஏறி மத்தி மீன் வாங்கி வருவார். எண்ணெயை மட்டும் கரண்டியால் அளந்துதான் ஊற்றுவார்.

ஒருமுறை மெடிக்கல் ஷாப்பிலிருந்து சின்ன டின் ஒன்று வாங்கி வந்தார். ஆலிவ் எண்ணெய். எங்களுக்கு அது பச்சைக் குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்குத்தான் தெரியும். அதை வெள்ளரிக்காய்த் துண்டுகள் மேல் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, வாசலில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்து காம்பவுண்டே திரண்டு நின்றது.

"ஏனுங்க்கா, அது உடம்புக்குப் பூசறதுங்க!" என்று நான் பதறிப்போய்ச் சொன்னேன்.

"உள்ளயும் உடம்புதானுங் அம்மணி" என்றார்.

விலை கட்டுப்படியாகாது என்று அப்புறம் வாங்கவில்லை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கே வந்துவிட்டார். "அந்த ஊர்ல அவங்க காட்டுல வெளையறதை ஆட்டி ஊத்திக்கறாங்க. நாம நம்ம காட்டுல வெளையறதை ஊத்திக்கலாமுங்க. அளவுதான் முக்கியம்" என்பார். அவருக்குத் தழையக்கா என்று பெயர் வைத்தது நான்தான். முகத்துக்கு நேராக அக்கா, முதுகுக்குப் பின்னால் தழையக்கா.

அப்போதெல்லாம் நான் அவர் வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு நிறுத்தினேன். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்தச் சாப்பாடு அங்கயும் பணக்காரங்க சாப்பாடு இல்லீங்க. மீன் புடிக்கறவங்களும் தோட்டத்துல கொத்தறவங்களும் தின்னது. எனக்குப் போன மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. எங்கம்மா பண்ணையத்துல களையெடுத்துப்போட்டு வாரப்ப மடி நெறையக் கீரை பறிச்சுட்டு வரும். கம்பஞ்சோறு, தட்டப்பயிறு, கீரை. இல்லாமத் தின்னோம். அதைத்தான் அங்க டாக்டர் எழுதிக் குடுத்துத் தின்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எந்த ஊர், யாருடைய பண்ணையம் என்று நான் கேட்டேன். அவர் சொன்னார். எங்கள் சாதிக்காரர்களின் பண்ணையம். கேட்டதும் அவர் எந்தச் சாதி என்பது எனக்குப் புரிந்துபோனது. வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் அதுவரை எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தேன், சிரித்துக்கொண்டே எழுந்தேன், "வாரேனுங்க்கா" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் குடித்ததில்லை. விரதம் என்பேன், இப்போதுதான் குடித்தேன் என்பேன். ஒரு சுடுசொல் கிடையாது. எங்கள் பக்கத்தில் மரியாதை குறையாமலே ஒருவரைத் தள்ளி வைக்கத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு ஆவணி மாதம். கம்பெனியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இந்த உயிரைத் திருப்பிக் கொடு, கிருத்திகைதோறும் மருதமலை ஏறிச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டினேன். கொடுத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்ன வயது டாக்டர் ஒருவர், என்ன சாப்பிட வேண்டும் என்று இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார். மாத்திரையோடு இதுவும் முக்கியம் என்றார். அக்காவிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, இது நான் பதினாலு வருசம் கிண்டுன சமையலுங்க! அதே கடலு, அதே ஊரு!"

மத்தியதரைக் கடல் என்று என் மகள்தான் பிறகு பாடப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். அக்கா அன்றைக்கே அந்தத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். இது கூடாது, அது கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் 'சேர்த்துக்கொள்ளவும்' என்றுதான் இருந்தது. கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னா மனசு அதையேதானுங்க சுத்தும். காயையும் பயிறையும் மொதல்ல வயிறு நெறையக் குடுத்துப்போடுங்க. நெய்க்கு எடம் இருக்காது. அப்புறம் ஒண்ணு, தம்பி தனியா உக்காந்து திங்கக்கூடாது. நீங்களும் பக்கத்துல உக்காந்து அதையே சாப்புடோணும். அங்க அப்பிடித்தான், ஊடே ஒண்ணா உக்காரும்."

"அவரு சாப்புட்டப்புறந்தானுங்க நான்" என்றேன்.

"அதைத்தானுங் அம்மணி மாத்தோணும்."

என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார். "அக்கா, இவ கைக்கு அளவு தெரியாது. நெய்யைக் கண்டா அணை ஒடைஞ்ச மாதிரி. மதியத்துக்கு மட்டும் நீங்களே செஞ்சு குடுத்துருங்க. நானும் பொழைச்சுக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "நெம்ப சந்தோசமுங்க்கா. உங்களுக்குத்தான் சிரமம்."

மறுநாளிலிருந்து பன்னிரண்டரை மணிக்கு அக்கா மூன்றடுக்குத் தூக்குப்போசியோடு வருவார். நாங்கள் கவிச்சி விட்ட வீடு என்பதால் மீன் வைக்கமாட்டார், அதற்கு ஈடாகப் பயறு கூட வைப்பார். ஒரு அடுக்கில் வரகோ சாமையோ, ஒன்றில் பயறுக் குழம்பு, ஒன்றில் கீரையும் காயும். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று கொடுப்பார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டதில்லை. வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். பின்கதவைத் திறப்பேன். மூன்று அடுக்கையும் மாட்டின் கழனித் தொட்டியில் கவிழ்ப்பேன்.

பிறகு என் அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் அதே கீரையையும் அதே பயறையும் தட்டில் போட்டு என் வீட்டுக்காரருக்கு வைப்பேன். நாளைக்கு என்னங்க்கா சமையல் என்று முதல் நாளே நைசாகக் கேட்டு வைத்துக்கொள்வேன். கீரைக்குத் தேங்காயை அரைத்து ஊற்றி, நெய்யில் தாளித்து, சோற்றுக்கும் ஒரு கரண்டி நெய் விட்டு. கிருத்திகை வந்தால் பொங்கல் ஒரு கிண்ணம். அவர் அதை அக்கா சமைத்தது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"பரவாயில்லையே, தழையக்கா சமையல்னு சொன்னியே, நம்மூட்டுச் சமையல் மாதிரியே இருக்குதே புள்ள!"

"நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குது. இதுக்குப் போய் பயந்தனே!"

இதை ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் முருகனைச் சொல்லியிருப்பேன். அவன் கொடுத்த உயிர், அவன் பிரசாதம் அதைக் கெடுக்குமா, ஒரு தாளை நம்பினால் அவனை நம்பாத மாதிரி ஆகாதா என்று சொல்லியிருப்பேன். வருஷக்கணக்காக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பொய். அதே சாப்பாட்டை டாக்டர் வீட்டு அம்மா சமைத்துக் கொடுத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பரிமாறியிருப்பேன். யார் கை தொட்டது என்பதுதான் காரணம். அதற்குச் சாமியை முன்னால் நிறுத்தி வைத்தேன்.

வீட்டு ஓனர் அம்மா ஒருநாள் பால் கறந்துகொண்டே கேட்டார்: "ஏனம்மணி, மாடு இப்பெல்லாம் ஒரு சொம்பு எச்சாக் கறக்குது. தொட்டியில என்னத்தப் போடறீங்?" நான் கழுநீர்தானுங்க என்றேன். பக்கத்தில் குழாயடியில் அக்கா நின்றிருந்தார். "தம்பியும் மாடும் நல்லாருந்தாச் சரிதானுங்க" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். கொடுத்துவிட்டுப் போன அக்கா, எலுமிச்சம்பழம் வைக்க மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். இவர் வாசல் அறையில் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும், "அக்கா, இன்னிக்குக் கீரையில நெய் வாசம் தூக்குதுங்க!" என்றார்.

நான் அடுப்படிக் கதவோடு ஒட்டி நின்றேன்.

"நெய்யா?" அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டினார். படியில் நின்றபடியே தட்டை எட்டிப் பார்த்தார். தேங்காய் மினுமினுத்துக்கொண்டிருந்த கீரை. இது தன் கீரை இல்லை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். பத்து வீட்டுச் சமையலைக் கலந்து வைத்தாலும் பிரித்துச் சொல்லக்கூடிய மனுஷி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி இப்படியெல்லாம் செய்வாள் என்று அவர் புத்திக்கே எட்டாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போசியில ஒட்டியிருந்துதோ என்னமோ. நாஞ் சரியாக் கழுவலையாட்ட இருக்குதுங் தம்பி. இனி சோடா உப்புப் போட்டுக் கழுவிப்போடறேன்" என்றார்.

அவருடைய குணம் என்னைக் காப்பாற்றியது. நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொழுப்பு குறையவே இல்லையே, தாளில் உள்ளபடிதான் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அக்காவும் எங்களோடு வந்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா முன்னால் வந்து சொன்னார்: "மதியச் சாப்பாடு நாந்தானுங் டாக்டர் குடுக்கறேன். நான் எதுலயோ தப்புப் பண்றனாட்ட இருக்குது."

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை நான் தினமும் பார்த்தேன். தராசு ஒன்று வாங்கினார். பயறை நிறுத்துப் போட்டார். எண்ணெய்க் கரண்டியைச் சின்னதாக மாற்றினார். உப்பைப் பாதியாகக் குறைத்தார். இத்தாலியில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பதில் வந்ததும் ஓடிவந்து, "வாரத்துக்குக் கொட்டைப் பருப்பு இன்னும் கொஞ்சம் சேத்தலாமாமுங்க" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. பாதாம் வாங்கி ஊறவைத்துத் தோலுரித்துக் கொண்டுவந்தார். அதுவும் தொட்டிக்குத்தான் போனது. சொல்லிவிடலாம் என்று பல நாள் வாய் வரைக்கும் வந்தது. இனிமேல் சொன்னால் அவர் என்னை என்ன நினைப்பார், என் வீட்டுக்காரர் என்னை என்ன செய்வார் என்று பயம். நாளைக்கு என்று தள்ளினேன். சொல்லாமலே, நாளையிலிருந்து அக்கா சாப்பாட்டையே தட்டில் போட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். மறுநாள் போசியைத் திறந்ததும் கை தானாகப் பின்கதவுக்குப் போகும்.

தை மாதம் ஒரு காலையில், குளித்துவிட்டுத் திருநீறு பூசக் கையை உயர்த்திய என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அக்காவின் சாப்பாட்டை நான் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. டாக்டராலும் சொல்ல முடியாது. அதைப் பற்றி நான் எழுதவில்லை. நான் எழுத வந்தது அதற்கு அடுத்து நடந்தது.

ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து காம்பவுண்டு நிறைந்திருந்தது. கூட்டத்துக்குப் பின்னால், குழாயடி ஓரமாக அக்கா நின்றிருந்தார். என் நாத்தனார், அவருக்கு மூத்தவர், அழுதுகொண்டே இருந்தவர் அக்காவைப் பார்த்துவிட்டார்.

"இவதானே தழையும் தண்ணியும் குடுத்தவ! மலை மாதிரி இருந்தானே எந்தம்பி! ஊட்டுச் சோத்தைத் திங்க உடாம, ஆட்டுக்குப் போடறாப்புல போட்டு, சத்தைப் புழிஞ்சு கொன்னுபோட்டியே! எங்கூட்டுக்குள்ள உங்கைச்சோறு எதுக்குடி வந்துது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இல்லீங்க, அவரு அதைத் திங்கவே இல்லீங்க." இவ்வளவுதான். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். துக்கமும் இருந்தது. ஆனால் முகத்தை மூடியது அதற்காக இல்லை.

பேச்சு கம்பெனி வரைக்கும் போனது. எங்கள் காம்பவுண்டைப் பார்த்து, பக்கத்துத் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரும், இதய ஆபரேஷன் ஆன ஒரு வாத்தியாரும் அக்காவிடம் சமையல் கேட்டுச் செய்துவந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரம்மாக்கள் நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் சம்சாரம் குழாயடியில் வைத்து அக்கா காதுபடவே சொன்னாள்: "எங்கூட்டுக்காரரு இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருக்கோணுமுங்க." அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வேலையையும் விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. யாரும் விடச் சொல்லவில்லை. என்னால் யாருக்கும் இனி அளந்து போட முடியாது என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு என் வாசலுக்கு வந்தார். அதே படியில், வெளியே. கையில் ஒன்றும் இல்லை.

"அம்மணி, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்க்கா."

"நான் எதுல தப்புப் பண்ணுனேன்? உப்பா, பயிறா, எண்ணெயா? தம்பி சாப்புட்டதை நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தீங்க. எது ஒத்துக்கலைன்னு தெரிஞ்சாச் சொல்லிப்போடுங்க. நான் அழ மாட்டேன். இனி இன்னொருத்தருக்கு அந்தத் தப்பைப் பண்ணாம இருக்கலாம்லீங்க, அதுக்குத்தான்."

ஊர் பேசியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் நாத்தனாரைப் பற்றி இல்லை. நான் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்கவில்லை. என்ன தப்பு என்று மட்டும்தான் கேட்டார். வாசலில் யாரும் இல்லை. வீட்டுக்குள் யாரும் இல்லை. கடவுள் ஒரு மனுஷிக்கு உண்மை பேச இதைவிட லேசான இடம் அமைத்துக் கொடுக்க முடியாது.

"விதிங்க்கா" என்றேன். "நம்ம கையில என்ன இருக்குது."

"அப்பிடிங்களா" என்றார். "உடம்பைப் பாத்துக்கங் கண்ணு. தனியா உக்காந்து சாப்புடாதீங்க. புள்ளையக் கூட உக்கார வெச்சுக்கங்க." போய்விட்டார். திண்டுக்கல் பக்கம் யாரோ தங்கை இருப்பதாகச் சொன்னார்கள். பல வருஷம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு தேடிப் போனேன். இரண்டு ஊர்க் கோயில் வாசலில் (அவர் கும்பிடுகிற மாதா கோயில்) நின்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் அன்னூரில் ஒரு கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அம்மா, நான் யார் என்று தெரியாமல் என்னிடமே ஒரு கதை சொன்னார். கணபதியில் முன்பு ஒரு பொம்பளை இருந்தாளாம். வெளிநாட்டு வைத்தியம் என்று சொல்லி, ஒரு ஃபிட்டருக்கு இலை தழையாகக் கொடுத்தே கொன்றுவிட்டாளாம். "அதுல இருந்து எங்கூட்டுல டாக்டரு என்ன எழுதிக் குடுத்தாலும் நாங்க கண்டுக்கறதில்லீங்க. வயித்தைக் காயப் போடற வேலையெல்லாம் வேண்டாமுங்க" என்றார். அவர் வீட்டுக்காரருக்கும் நெஞ்சில் அடைப்பு இருக்கிறதாம். எதிர் வரிசையில் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்.

அந்த இலையிலேயே நான் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருவரிடம் சொல்லி ஆகிற காரியம் இல்லை இது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பொய் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் இதுவும் போக வேண்டும்.

அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது மாற்றாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு, பாவம் பயந்துவிட்டாள், படிக்காதவள் என்று சேர்க்காதீர்கள். நான் சாதி பார்த்ததை விட்டுவிட்டு, பக்தியால் செய்தாள் என்று சொல்லாதீர்கள். அக்காவைப் பெரிய தெய்வமாக்கவும் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: அந்த அம்மா ஐந்து மாதம் ஒருநாள் தவறாமல் சமைத்துக் கொண்டுவந்தார். அதில் ஒரு வாய்கூட அந்த ஃபிட்டர் சாப்பிடவில்லை. அவர் மனைவி கொட்டினாள், கேட்டபோது பொய் சொன்னாள். அக்கா எதிலும் தப்புச் செய்யவில்லை. உப்பிலும் இல்லை, பயறிலும் இல்லை, எண்ணெயிலும் இல்லை.